கடைசிப் படியை முதலில் கொடுங்கள்: சிறு குழந்தைகளைத் தங்கள் வேலையைத் தாங்களே செய்யப் பழக்குவது எப்படி?

சாக்ஸ் போடுவது பெரியவர்களுக்கு ஒரே வேலை. சிறு குழந்தைக்கு அது குறைந்தது ஆறு வேலை. சாய்ந்து விழாமல் உட்கார வேண்டும். சாக்ஸின் வாயை இரண்டு கையாலும் விரிக்க வேண்டும். குதிகால் பகுதி கீழே வரும்படி திருப்பிப் பிடிக்க வேண்டும். ஐந்து விரல்களையும் உள்ளே விட வேண்டும். குதிகாலைத் தாண்டி இழுக்க வேண்டும். அப்புறம் கணுக்காலுக்கு மேலே ஏற்ற வேண்டும். குழந்தை இதில் ஏதோ ஓரிடத்தில் சிக்கிக்கொள்கிறது, பெரும்பாலும் குதிகாலில். நாம் பார்த்துவிட்டு "இவனுக்கு இன்னும் சாக்ஸ் போட வரவில்லை" என்கிறோம். வராதது குதிகால் தாண்டும் அந்த ஓர் இழுப்புதான். "சாக்ஸ் போட வரவில்லை" என்று மட்டும் நினைத்தால் எங்கே கைகொடுப்பது என்று தெரியாது. "குதிகாலில் மாட்டுகிறது" என்று தெரிந்துவிட்டால் அதற்கு வழி இருக்கிறது.

உடுத்துவது, சாப்பிடுவது, கை கழுவுவது, கழிப்பறைக்குப் போய் வருவது எல்லாமே இப்படிப் பல படிகள் சேர்ந்தவை. ஆகவே பழக்கத் தொடங்கும் முன் அந்த வேலையை நீங்களே ஒருமுறை மிக மெதுவாகச் செய்து பாருங்கள். முடிந்தால் பழக்கமில்லாத கையால் செய்யுங்கள். நமக்குப் பழகிப்போனதால் கண்ணில் படாத படிகள் அப்போது வெளியே வரும். அவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். பிறகு குழந்தை அதே வேலையைச் செய்யும்போது தலையிடாமல் பார்த்து, தானாகச் செய்யும் படிகளுக்கு எதிரே ஒரு குறி போடுங்கள். குறி இல்லாத படிகள்தான் பழக்க வேண்டியவை.

பின்னாலிருந்து முன்னால்

படிகள் தெரிந்ததும் முதல் படியிலிருந்து சொல்லிக்கொடுக்கத் தோன்றும். இதில் ஒரு சிக்கல் உண்டு. குழந்தை முதல் படியைச் செய்கிறது, இரண்டாவதில் தடுமாறுகிறது, மீதியை நாம் செய்து முடிக்கிறோம். வேலை முடியும் நேரத்தில் கை நம்முடையது. குழந்தைக்கு மிஞ்சுவது, பாதியில் விட்டுப்போன ஒரு முயற்சி.

இதைத் தலைகீழாக்கிப் பாருங்கள். முதல் படிகளை எல்லாம் நீங்கள் செய்யுங்கள். கடைசிப் படியை மட்டும் குழந்தையிடம் விடுங்கள். அது சரியாக வந்ததும் கடைசி இரண்டு படிகள், பிறகு மூன்று. இப்படி முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கிப் போவதைப் பின்தொடர் பயிற்சி என்று சொல்லலாம். சிறப்புக் கல்வி ஆசிரியர்களும், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை நிபுணர்களான ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளும் பல பத்தாண்டுகளாகக் கையாளும் முறை இது. எந்தக் குழந்தைக்கும் பொருந்தும். ஒவ்வொரு முறையும் வேலையை முடிப்பது குழந்தையின் கையாகவே இருக்கும். தவிர, புதிதாகக் கற்கும் படிக்கு அடுத்து வருவதெல்லாம் ஏற்கெனவே தெரிந்த படிகளாக இருக்கும். தெரியாததிலிருந்து தெரிந்ததற்குள் நுழைவதால் நடுவில் மறந்து நிற்பது குறைகிறது.

சாக்ஸையே எடுத்துக்கொள்வோம். குழந்தையின் முதுகு சுவரில் சாயும்படி தரையில் உட்கார வையுங்கள். ஒரு காலைத் தூக்கினால் முதுகுக்குப் பிடிப்பில்லாத குழந்தை பின்னால் சாய்ந்துவிடும். அப்போது கவனமெல்லாம் விழாமல் இருப்பதிலேயே போகும். வழக்கத்தைவிட ஓர் அளவு பெரிய, குட்டையான சாக்ஸ் நல்லது. குதிகால் வேறு நிறத்தில் இருந்தால் இன்னும் நல்லது, எந்தப் பக்கம் கீழே என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். சாக்ஸைக் கணுக்கால்வரை நீங்களே ஏற்றிவிட்டு, மடிந்திருக்கும் கடைசிப் பகுதியை மேலே இழுக்கும் வேலையை மட்டும் குழந்தையிடம் விடுங்கள். மூன்று நான்கு முறை தொடர்ந்து உதவியில்லாமல் செய்துவிட்டால், அடுத்த முறை குதிகாலுக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள்.

இங்கேதான் குழந்தைகள் தவறு செய்வார்கள். இரண்டு கையாலும் முன்பக்கத்தை மட்டும் பிடித்து இழுப்பார்கள். பின்பக்கம் குதிகாலுக்குக் கீழே மாட்டிக்கொள்ளும். எவ்வளவு பலமாக இழுத்தாலும் வராது. குழந்தையின் இரு கட்டைவிரல்களையும் சாக்ஸின் உட்புறத்தில், காலின் இரு பக்கவாட்டிலும் வைத்து, முதலில் வெளிப்பக்கமாக விரித்து, பிறகு பின்னால் இழுக்கக் காட்டுங்கள். விரித்துவிட்டு இழுப்பது என்ற இந்த ஒரு நுணுக்கம் பிடிபட்டால் பாதி சாக்ஸ் முடிந்தது. விரல்களை நுழைப்பது அதற்கு அடுத்தது. சாக்ஸைச் சுருட்டி நுனிவரை கொண்டுவந்து கொடுத்தால் கால்விரல்கள் எளிதாக உள்ளே போகும். அதைத் தானே சுருட்டுவதும் திருப்பிப் பிடிப்பதும் கடைசியில் வந்து சேரும்.

ஒரே நாளில் இரண்டு படி முன்னேற வேண்டும் என்று பார்க்காதீர்கள். ஒரு படிக்குச் சில நாள் ஆகலாம், இரண்டு மூன்று வாரமும் ஆகலாம்.

உதவியை எப்படிக் குறைப்பது

எந்தப் படியைக் கொடுப்பது என்பது ஒரு பாதி. அந்தப் படியில் எவ்வளவு உதவுவது என்பது மறுபாதி. அதிகபட்ச உதவி, குழந்தையின் கைமேல் உங்கள் கையை வைத்துச் சேர்ந்து செய்வது. அதிலிருந்து உங்கள் கை மெல்லப் பின்வாங்க வேண்டும். விரல்களிலிருந்து மணிக்கட்டுக்கு, மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு, பிறகு தொடாமல் விரலால் சுட்டிக்காட்டுவது, கடைசியில் அருகே சும்மா இருப்பது. கைமேல் கை வைக்கும்போது குழந்தை கையை இழுத்துக்கொண்டால் உடனே விட்டுவிடுங்கள். வலுக்கட்டாயமாகப் பிடித்துச் செய்யவைத்தால் அந்த வேலையின்மேலேயே வெறுப்பு வரும்.

குழந்தைக்குப் பின்னால் உட்கார்ந்து உதவுங்கள். எதிரே உட்கார்ந்தால் உங்கள் வலது பக்கம் அவர்களுக்கு இடது பக்கமாகத் தெரியும், அசைவுகளும் எதிர்த்திசையில் இருக்கும். பின்னாலிருந்து கையை நீட்டினால் நீங்கள் காட்டும் அசைவும் குழந்தை செய்ய வேண்டிய அசைவும் ஒரே திசையில் அமைகின்றன.

பெரியவர்கள் அதிகம் தவறுவது பேச்சில். "இங்க பிடி, இல்ல இல்ல, அந்தப் பக்கம், இப்போ இழு, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் குழந்தை கையைக் கவனிப்பதா பேச்சைக் கவனிப்பதா என்று திணறும். ஒரு படிக்கு ஒரே ஒரு சிறு சொல் போதும்: "விரி", "இழு". எல்லா நாளும் அதே சொல்லையே சொல்லுங்கள். வீட்டில் எல்லாரும் அதே சொல்லைப் பயன்படுத்தட்டும். சொன்னபின் மனதுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். பத்து எண்ணுவது நமக்கு நீண்ட நேரமாகத் தோன்றும். சிறு குழந்தைக்கு, கேட்டதைப் புரிந்துகொண்டு உடலை அசைக்க அந்த நேரம் வேண்டும். நாம் மூன்று எண்ணுவதற்குள் கையை நீட்டிவிடுகிறோம், குழந்தையும் "காத்திருந்தால் அம்மா செய்துவிடுவார்" என்று கற்றுக்கொள்கிறது. வாய்மொழி நினைவூட்டல்தான் கைவிடக் கடினமானது. "அடுத்து என்ன?" என்று நாம் கேட்டால்தான் அடுத்ததைச் செய்யும் குழந்தைகள் நிறைய. அதைவிட, படிகளை வரிசையாகக் காட்டும் படங்களைக் குழந்தையின் கண் உயரத்தில் ஒட்டிவிட்டு, மறந்து நிற்கும்போது படத்தைச் சுட்டிக்காட்டுவது நல்லது. நாளடைவில் தானே பார்த்துக்கொள்ளும்.

உடுத்துவது

எதிலும் கழற்றுவதை முதலில் பழக்குங்கள். போடுவதைவிட அது எளிது. ஒரு வயதுக் குழந்தையே சாக்ஸைப் பிடுங்கி எறியும். கால்சட்டையை இறக்குவதும் ஜிப்பைத் திறப்பதும் பட்டனைக் கழற்றுவதும் அவற்றைப் போடுவதற்கு வெகு முன்பே வந்துவிடும்.

டி-ஷர்ட்டில் கடைசிப் படி, வயிற்றின் மேல் கீழே இழுத்துவிடுவது. அங்கே தொடங்குங்கள். அடுத்து இரண்டாவது கையை நுழைப்பது, பிறகு முதல் கை, அதற்குப் பிறகு தலை. முழுவதையும் தானே செய்யும் கட்டம் வந்ததும், படம் உள்ள பக்கம் கீழே பார்க்கும்படி, அடிவிளிம்பு குழந்தையின் பக்கம் இருக்கும்படி கட்டிலில் விரித்துவையுங்கள். விளிம்பைத் தூக்கி உள்ளே கையையும் தலையையும் விட்டால் முன்பக்கம் தானாக முன்னே வரும். கழுத்துப் பகுதி இறுக்கமான சட்டைகளைப் பழக்கும் காலத்தில் ஒதுக்கிவிடுங்கள். தலை மாட்டிக்கொண்டு சில நொடி இருட்டில் தவித்த குழந்தை, மறுநாள் அந்தச் சட்டையைப் பார்த்தாலே ஓடும்.

எலாஸ்டிக் வைத்த கால்சட்டையில் சாக்ஸில் வந்த அதே சிக்கல் வேறிடத்தில் வருகிறது. முன்பக்கத்தை மட்டும் இழுப்பதால் பின்பக்கம் புட்டத்துக்குக் கீழே நின்றுவிடும். ஒரு கை முன்னே, ஒரு கை பின்னே, கட்டைவிரல் இரண்டும் உள்ளே. உட்கார்ந்து கால்களை நுழைத்து, முழங்கால்வரை ஏற்றிவிட்டு, எழுந்து நின்று மேலே இழுப்பதுதான் வரிசை. நின்றுகொண்டே ஒற்றைக் காலில் சமநிலை பார்த்துக் கால்சட்டை போடுவது பிந்திய திறமை.

பட்டனைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒரு கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் பட்டனின் விளிம்பைப் பிடிக்கின்றன. மற்றக் கை துளையுள்ள துணியைப் பிடித்து ஓட்டையை விரிக்கிறது. பட்டன் பாதிவரை துளைக்குள் தள்ளப்படுகிறது. இப்போது ஒரு கைமாற்றம் நடக்கிறது. துணியைப் பிடித்திருந்த கை, வெளியே எட்டிப்பார்க்கும் பாதிப் பட்டனைப் பிடிக்க வேண்டும். அதுவரை மற்றக் கை தள்ளுவதை விடக் கூடாது. அதன்பின் பட்டனை ஒரு பக்கமும் துணியை எதிர்ப்பக்கமும் இழுத்தால் வெளியே வந்துவிடும். கைமாற்றத்தின்போது தள்ளும் கையைச் சீக்கிரம் விட்டுவிடுவதுதான் பெரும்பாலான குழந்தைகள் தோற்கும் இடம். பட்டன் மீண்டும் உள்ளே வழுக்கிப் போகும். எனவே பாதிவரை நீங்கள் தள்ளிப் பிடித்துக்கொள்ளுங்கள், மீதியைக் குழந்தை இழுக்கட்டும். பெரிய, தட்டையான, இரண்டு சென்டிமீட்டருக்குமேல் அகலமான பட்டனும் சற்றுத் தளர்ந்த துளையும் வைத்துத் தொடங்குங்கள். சட்டையில் அடியிலுள்ள பட்டனிலிருந்து மேலே போகச் சொல்லுங்கள். அது கண்ணுக்குத் தெரியும், இரண்டு விளிம்பும் சமமாகச் சேர்வதால் ஒரு பட்டன் தவறிக் கோணலாவதும் குறையும். கழுத்தருகே உள்ளது கண்ணுக்கே தெரியாது, அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் தொடங்கிய பள்ளியின் வழிவந்த வகுப்பறைகளில், மரச்சட்டத்தில் பட்டன் வைத்த இரண்டு துணிகளைப் பொருத்திக் கொடுப்பார்கள். மேசைமேல் வைத்து இரு கையையும் கண்ணால் பார்த்துக்கொண்டே பழகுவதற்காக அது. வீட்டில் ஒரு பழைய சட்டையை மேசையில் விரித்தும் இதைச் செய்யலாம். உடலில் போட்டிருக்கும் சட்டை அசையும், தொங்கும். மேசைமேல் உள்ளது அசையாது.

ஜிப்பில், இரண்டு பக்கத்தையும் கீழே கோத்து மாட்டுவது மிகக் கடினம். அதை நீங்கள் செய்துவிட்டு, மேலே இழுப்பதைக் கொடுங்கள். ஒரு கை கீழ்விளிம்பைப் பிடித்து இறுக்கிக்கொண்டால்தான் மறுகை இழுக்க முடியும். பெரும்பாலும் குழந்தைகள் ஒற்றைக் கையால் இழுப்பார்கள், துணியும் சேர்ந்து மேலே ஏறும். இழுக்கும் நுனியில் சிறு வளையம் மாட்டினால் பிடி கிடைக்கும். தாடைக்கருகே வரும்போது தோல் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷூவில் வெல்க்ரோ வைத்தது முதலில், நாடா கட்டுவது ஐந்து வயதுக்கு மேல்தான், ஏழுவரை ஆனாலும் தவறில்லை. வலது இடது குழப்பத்துக்கு ஒரு நல்ல வழி உண்டு. ஒரு ஸ்டிக்கரை இரண்டாக வெட்டி, இரு ஷூவின் உள்ளடியிலும் உட்புற விளிம்பை ஒட்டி ஒவ்வொரு பாதியாக ஒட்டுங்கள். சரியாகப் பக்கத்தில் வைத்தால் படம் முழுதாகச் சேரும்.

சாப்பிடுவது

ஸ்பூனுக்கும் அதே முறைதான். உணவை அள்ளி வாயருகே கொண்டுபோய், கடைசி சில அங்குலத்தைக் குழந்தையிடம் விடுங்கள். பிறகு பாதி தூரத்தில், பிறகு கிண்ணத்திலிருந்து. அள்ளுவது கடைசியில் வரும், மணிக்கட்டைத் திருப்ப வேண்டியிருப்பதால். ஸ்பூனில் ஒட்டிக்கொள்ளும் கெட்டியான உணவும், குட்டையான தடித்த கைப்பிடியும் வேண்டும். நீர்த்த உணவு வைத்துக் கற்பிப்பது இருவருக்கும் தண்டனை. குழந்தையின் பாதங்கள் எதிலாவது ஊன்றியிருக்க வேண்டும். கால் அந்தரத்தில் தொங்கினால் உடல் நிலையில்லாமல் ஆடும், கை நுணுக்கமாக இயங்காது. நாற்காலியின் கீழே ஒரு பெட்டியை வைத்துப் பாருங்கள், சிந்துவது கண்கூடாகக் குறையும். தண்ணீர் குடிக்கச் சிறு டம்ளரில் இரண்டு மூன்று மடக்கு அளவே ஊற்றுங்கள். சாப்பிடும்போது உட்கார்ந்தே இருக்கட்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

பல் துலக்குவதும் கை கழுவுவதும்

எல்லா வேலையும் பின்தொடர் பயிற்சிக்கு ஒத்துவராது. பல் துலக்குவது அப்படி ஒன்று. இதில் வேலையைப் பங்குபோட்டுக்கொள்வதுதான் சரி: முதலில் குழந்தை துலக்கட்டும், பிறகு பெரியவர் முழுவதையும் ஒருமுறை துலக்கிவிட வேண்டும். இப்படி ஏழெட்டு வயதுவரை செய்ய வேண்டும். கடைவாய்ப் பல்லின் உட்புறத்தையும் ஈறு விளிம்பையும் சுத்தமாகத் துலக்கும் மணிக்கட்டு நுணுக்கம் அதற்கு முன் வருவதில்லை. ஐந்து வயதில் தானே நன்றாகத் துலக்குவதுபோலத் தெரியும், முன்பற்கள் பளிச்சென்றும் இருக்கும். சொத்தை பின்னால் தொடங்கும்.

முதல் பல் முளைத்ததிலிருந்தே தொடங்கலாம். மூன்று வயதுக்குள் ஃபுளோரைடு பேஸ்ட் ஓர் அரிசிமணி அளவு, மூன்றிலிருந்து ஆறுவரை ஒரு பட்டாணி அளவு. அதை நீங்களே பிரஷ்ஷில் வையுங்கள், ட்யூபைக் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். நாளைக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம். அதில் ஒன்று தூங்கப்போகும் முன். குழந்தைக்குப் பின்னால் நின்று, அதன் தலையை உங்கள் வயிற்றில் சாய்த்துக்கொண்டால் வாய் நன்றாகத் திறக்கும், உள்ளேயும் தெரியும். பிரஷ் ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்வாகப் படட்டும். முடிந்ததும் நுரையைத் துப்பினால் போதும். நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும்.

கை கழுவுவதில் தவறு பெரும்பாலும் ஒரே இடத்தில்: சோப்பு பட்டதும் குழந்தை கையைக் குழாயடியில் நீட்டிவிடும், தேய்ப்பதற்குள் நுரை ஓடிவிடும். நனைத்ததும் குழாயை மூடிவிடுங்கள். சோப்போடு 20 நொடி தேய்க்க வேண்டும். உள்ளங்கை தானாகவே தேய்படும். விடுபடுவது கட்டைவிரலும் விரல் நுனிகளும் விரலிடுக்குகளும். "கட்டைவிரலைப் பிடித்துச் சுற்று" என்று அதற்குத் தனியாக ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். குழாய் எட்டாமல் எக்கி நிற்கும் குழந்தை சட்டைக் கையையும் நனைத்துக்கொண்டு பாதியில் ஓடிவிடும். வழுக்காத ஸ்டூல் ஒன்று இருந்தால் அந்தப் பிரச்சினை இருக்காது. குழாயில் சுடுநீர் வரும் இடமாக இருந்தால் அதன் வெப்பம் 49 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் அமைத்துவையுங்கள், மிகச் சூடான நீரில் குழந்தையின் தோல் சில நொடிகளில் வெந்துவிடும். குளியலில் எவ்வளவு தானே செய்யப் பழகியிருந்தாலும், சிறு குழந்தையைத் தண்ணீருக்கருகே ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது. சில அங்குலத் தண்ணீரே போதும் மூழ்குவதற்கு.

கழிப்பறை

இதற்குத்தான் வீட்டில் அதிக அவசரமும் அதிகக் கண்ணீரும். பெரும்பாலான குழந்தைகள் இரண்டிலிருந்து மூன்று வயதுக்குள் தயாராகிறார்கள், ஆனால் வயதைவிட அறிகுறிகளைப் பாருங்கள். ஒன்றரை இரண்டு மணி நேரம் உடை நனையாமல் இருக்கிறதா? போகும் முன்போ போனபின்போ ஏதாவது விதத்தில் தெரிவிக்கிறதா? எளிய இரண்டு கட்டளைகளைப் புரிந்து செய்கிறதா? தன் உடையைக் கீழே இறக்க முடிகிறதா? இவை இல்லாமல் தொடங்கினால் பழக்கம் விரைவாவதில்லை, நீண்டுதான் போகிறது.

படிகளை எழுதிப் பார்த்தால் இதில் ஒரு வினோதம் தெரியும். வருகிறது என்று உணர்வது, போவது, உடையை இறக்குவது, உட்காருவது, கழிப்பது, சுத்தம் செய்வது, உடையை ஏற்றுவது, தண்ணீர் விடுவது, கை கழுவுவது. பின்னாலுள்ள நான்கையும் மற்ற வேலைகளைப் போலவே கையோடு கையாகப் பழக்கலாம். முதல் படியான உணர்வை யாரும் கைபிடித்துக் கற்பிக்க முடியாது. அதற்குப் பெயர் வைப்பது மட்டுமே நம்மால் ஆவது. குழந்தை விளையாட்டை நிறுத்திவிட்டுக் கால்களைப் பின்னிக்கொள்ளும்போது, மூலையில் போய் ஒளிந்துகொள்ளும்போது, "உனக்கு வருகிறதுபோல, போய்ப் பார்ப்போமா" என்று சொல்லுங்கள். உடலின் அந்தச் சமிக்ஞைக்கும் சொல்லுக்கும் உள்ள தொடர்பு பல முறை கேட்டுக் கேட்டுத்தான் உண்டாகும்.

சாப்பிட்டு கால்மணி முதல் அரைமணி நேரத்தில் உட்கார வைப்பது நல்லது. வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் இயங்கத் தொடங்கும், அந்த நேரத்தில் வெற்றி கிடைக்க வாய்ப்பு அதிகம். மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் போதும். வரவில்லையென்றால் எழுப்பிவிடுங்கள். பெரியவர்களின் கழிப்பறை இருக்கையாக இருந்தால் கால்கீழே ஸ்டூல் வையுங்கள், முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரமாக வரட்டும். கால் தொங்கினால் இடுப்பின் அடித்தளத் தசைகள் தளராது, விழுந்துவிடுவோமோ என்ற பயமும் சேரும். ஆண் குழந்தைகளும் முதலில் உட்கார்ந்தே பழகட்டும். பெண் குழந்தைகளுக்கு முன்னிருந்து பின்னாகச் சுத்தம் செய்யக் கற்பிக்க வேண்டும், சிறுநீர்ப்பாதையில் கிருமி போகாமல் இருக்க. மலம் கழித்தபின் தானே முழுமையாகச் சுத்தம் செய்வது நான்கைந்து வயதுவரைகூட ஆகும். அதுவரை குழந்தை தொடங்கட்டும், நீங்கள் முடித்துவிடுங்கள்.

பழகிவந்த குழந்தை திடீரென்று மலம் கழிக்க மறுத்தால் பிடிவாதம் என்று முடிவுகட்டும் முன் மலச்சிக்கலைச் சந்தேகியுங்கள். ஒருமுறை கெட்டியாகப் போய் வலித்திருக்கும். வலிக்குப் பயந்து அடக்கும், அடக்க அடக்க இன்னும் கெட்டியாகும், அடுத்த முறை இன்னும் வலிக்கும். இந்தச் சுழலைப் பயிற்சியால் உடைக்க முடியாது. மருத்துவரைப் பார்த்து மலத்தை இளக்கிய பிறகுதான் பயிற்சி பயன் தரும். உள்ளாடையில் அடிக்கடி கறை படுவதும் அடக்கி வைத்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம்.

நனைத்துவிட்டால் திட்டாதீர்கள், கேலியும் வேண்டாம். "நனைந்துவிட்டது, மாற்றிக்கொள்வோம்" என்று சொல்லி, ஈர உடையைக் கழற்றிக் கூடையில் போடுவதையும் குழந்தையிடமே கொடுங்கள், தண்டனையாக இல்லாமல் வேலையின் ஒரு பகுதியாக. இரவில் நனையாமல் இருப்பது வேறு விஷயம். அது உடல் முதிர்ச்சியைப் பொறுத்தது, பயிற்சியால் வருவதில்லை. ஐந்து வயதுவரை இரவில் நனைப்பது இயல்பு, அதற்குமேலும் பல குழந்தைகளுக்கு இருக்கும்.

நேரமும் மனநிலையும்

வீட்டைவிட்டுக் கிளம்பும் காலை நேரம் கற்பிக்கும் நேரமல்ல. அப்போது குழந்தை ஏற்கெனவே தேர்ந்த படிகளை மட்டும் செய்யட்டும், மற்றதை நீங்கள் முடித்துவிடுங்கள். புதுப் படிக்கு அவசரமில்லாத மாலையையோ விடுமுறையையோ ஒதுக்குங்கள், ஐந்து பத்து நிமிடம் போதும். பசியும் தூக்கமும் உள்ள நேரத்தில் எதுவும் ஏறாது. ஒரே சமயத்தில் ஒன்று அல்லது இரண்டு வேலைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

"நானே, நானே" என்று இரண்டு வயதில் வரும் அடம் உண்மையில் நல்ல வாய்ப்பு. அப்போது கையைத் தட்டிவிட்டு நாமே செய்துவிட்டால், ஐந்து வயதில் "நீயே செய்து விடு" என்று வந்து நிற்கும். தேர்வு கேட்பதும் உதவும், ஆனால் இரண்டில் ஒன்றுதான்: "சிவப்புச் சட்டையா, நீலச் சட்டையா?" "சட்டை போட்டுக்கொள்கிறாயா?" என்று கேட்டால் "மாட்டேன்" என்பதற்கும் இடம் கொடுத்துவிட்டீர்கள். பாராட்டும்போது நடந்ததைச் சொல்லுங்கள். "சமத்து" என்பதைவிட, "குதிகாலை நீயே தாண்டிவிட்டாய்" என்பதில் எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்ற தகவல் இருக்கிறது. சட்டை பின்முன்னாகப் போட்டிருந்தால், அது சிரமம் தராதவரை, அன்றைக்கு அப்படியே இருக்கட்டும். குழந்தை முடித்ததை உடனே திருத்தினால் முடித்த மகிழ்ச்சி போய்விடும்.

ஒரு துணியைக் கண்டாலே குழந்தை அழுதால், அதற்குக் காரணம் உடுத்தத் தெரியாததாக இல்லாமலும் இருக்கலாம். கழுத்துப்பட்டை லேபிளும் சாக்ஸின் நுனித் தையலும் சில குழந்தைகளின் தோலுக்குத் தாங்காது. லேபிளை வெட்டி, சாக்ஸை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

தம்பியோ தங்கையோ பிறந்தால், வீடு மாறினால், காய்ச்சலில் விழுந்து எழுந்தால், தானே செய்துகொண்டிருந்ததைக் குழந்தை மறந்ததுபோல நடந்துகொள்ளும். இரண்டு படி பின்னால் போய் மறுபடி உதவுங்கள், சில வாரத்தில் திரும்பிவிடும். வேறு சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. ஒன்றரை வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றக் கையை ஒதுக்கினால், விழுங்கும்போது அடிக்கடி புரையேறினால், வெளிப்படையான காரணம் எதுவும் இல்லாமல் பேச்சோ நடையோ கைவேலையோ கைநழுவிப் போனால், குழந்தை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். இவை இல்லாமல், ஐந்து வயதிலும் உடுத்துவதும் சாப்பிடுவதும் மிகவும் சிரமமாகவே இருந்தால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் பார்ப்பது நல்லது. அவரிடம் போகும்போது குழந்தை வழக்கமாகப் போடும் சட்டையையும் ஷூவையும் அணிந்தே போகட்டும். எங்கே தடுமாறுகிறது என்பதை அவர் நேரிலேயே பார்த்துவிடுவார்.